உதார்க்காரன் கையில் மூன்று ஏழு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கணக்கு, பாய், விக்கிரவாண்டி, நான். இல்லாதவர் ஒருவர். கீழே பஞ்சர் கடை ஓரமாக நின்றிருந்த வண்டி யார் பெயரில் இருந்ததோ, அவர். அவர் துபாயில் இருந்தார். அவரைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் நினைப்பு வரவில்லை. வந்திருந்தால் ஆட்டத்தையே ஆரம்பித்திருக்க மாட்டோம்.

இவையெல்லாம் அறையில் வைத்த பெயர்கள். விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், பஞ்சர் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் அதில் இரண்டு வருஷம் இருந்தோம். கணக்குக்குச் சொந்த நிலம் உண்டு, கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். கணிதம் படித்தவன், சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய் என்று எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவான். பாய் கோட்டக்குப்பத்துக்காரன். துபாய்க்காரர் அவனுடைய தாய்மாமா. விக்கிரவாண்டிக்கு ஊர்ப்பெயரே பெயர், வீட்டார் அங்கே ஹைவே ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். லாரிக்காரர்களோடு பேசிப் பேசி வளர்ந்தவன், யாரையும் ஐந்து நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவான். எனக்கு வைத்த பெயர் உதார். சீட்டாட்டத்தில்தான் அந்தப் பெயர் வந்தது.

சீட்டாட்டம் என்றால் ரம்மி இல்லை. போக்கர். பாயின் மாமா லீவில் வந்தபோது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது, அவன் எங்களுக்குச் சொன்னான். ஆளுக்கு இரண்டு சீட்டு, அது அவனவனுக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூன்றைத் திறப்போம், அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு தடவை திறந்ததும் ஒருவன் கட்டலாம், மற்றவன் அதற்கு மேல் ஏற்றலாம், பயந்தவன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போகலாம். அப்படிப் போவதை ரம்மி வழக்கத்திலேயே ‘ஸ்கூட்டு’ என்போம். கடைசிவரை நின்றவர்களில் யாருக்கு நல்ல ஐந்து சேர்கிறதோ, நடுவில் குவிந்தது அவனுக்கு.

நடுவில் குவிந்தது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. காசு வைத்து ஆட எங்களிடம் காசு இல்லை. திண்டிவனத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அறுவடை முடிந்த கொல்லையில் மண்ணைக் கிளறி, விட்டுப்போன காய்களைப் பொறுக்கி வருவது அம்மாவுக்கு வழக்கம். மாதம் ஒரு தடவை நான் ஊருக்குப் போனால் ஒரு மஞ்சள் பை நிறையக் காயவைத்த மல்லாட்டை கொடுத்து அனுப்பும். முதல் மாதம் அதை நாங்கள் வறுத்துத் தின்றோம். இரண்டாவது மாதம் அது சில்லறை ஆகிவிட்டது. உடைக்காத காய்தான் செல்லும். இரண்டு பருப்புக் காய் ஒன்று, மூன்று பருப்புக் காய் ஐந்து. ஒற்றைப் பருப்புக் காய் ஆட்டத்தில் சேராது, அதை அங்கேயே உடைத்துத் தின்னலாம். ஓட்டை வெளியே தடவிப் பார்த்தே உள்ளே எத்தனை பருப்பு என்று சொல்லப் பழகிவிட்டோம். தகராறு வந்தால் கணக்கு காதருகே ஆட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான்.

இதில் ஒரே சிக்கல் விக்கிரவாண்டி. பதற்றமானால் அவன் கை தானாகக் காயை உடைக்கும். ஒற்றைப் பருப்பு தீர்ந்துவிட்டது என்பதுகூடத் தெரியாமல் தன் குவியலிலிருந்தே எடுத்துத் தின்றுகொண்டிருப்பான்.

“டேய், அஞ்சு ரூபாவ மென்னுக்கினு இருக்கடா,” என்பான் பாய்.

“என் காசு, நான் துன்றேன். உனக்கின்னா?”

சரி, நான் உதார் ஆன கதை. ஆரம்பத்தில் எனக்கு ஆட்டம் சரியாகப் புரியவில்லை. எது பெரியது, எது சிறியது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைத் திரும்பிப் பார்த்தால் சிரிப்பார்கள் என்று நான் பார்க்க மாட்டேன். பார்க்காமலே ஏற்றுவேன். கையில் இரண்டும் எட்டும் இருந்தாலும் இரண்டு கையாலும் மல்லாட்டையை அள்ளி நடுவில் தள்ளுவேன்.

இது எனக்குப் புதிதில்லை, பள்ளிக்கூடத்துப் பழக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் கிடையாது. “தெரிஞ்சவங்க கை தூக்குங்க” என்று வகுப்பில் கேட்டால், வாத்தியார் அடுத்துக் கேட்பது கை தூக்காதவனைத்தான். இதை நான் மூன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதனால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முதல் கை என்னுடையதாக இருக்கும். வருஷக்கணக்கில் அது என்னைக் காப்பாற்றியது. அதில் ஒரு நஷ்டமும் இருந்தது. உண்மையிலேயே பதில் தெரிந்து, சொல்லத் துடித்துக்கொண்டு கையைத் தூக்குகிற நாளில் என்னைக் கேட்கவே மாட்டார்கள்.

அறையிலும் அதே கதைதான் நடந்தது. முதல் இரண்டு மாதம் என் ஏற்றலுக்குப் பயந்து எல்லோரும் ஸ்கூட்டு விட்டார்கள். பிறகு ஒருநாள் கணக்கு கடைசிவரை நின்று பார்த்தான். என் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. அவன் என் சீட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான்.

“இதுக்காடா இம்மாம் உதாரு வுட்ட?”

அன்றிலிருந்து அந்தப் பெயர். அன்றிலிருந்து என் ஏற்றலுக்கு மரியாதையும் போய்விட்டது. நான் தள்ளினால் சிரித்துக்கொண்டே கட்டுவார்கள். மஞ்சள் பை என்னோடது, மல்லாட்டை பாயோடது என்று ஆகிவிட்டது.

நல்ல சீட்டு வந்தால் தேறலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. நல்ல சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். இதை விட்டுவிடக் கூடாது, மெதுவாக, மறைத்து ஆட வேண்டும் என்று கொஞ்சமாகக் கட்டுவேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“அய்யா சைலண்ட் ஆயிட்டாரு. ஸ்கூட்டு.”

“எனக்கும் ஸ்கூட்டு.”

ஒருமுறை இரண்டு ஆஸ் கையில் வந்து, நடுவில் மூன்றாவது ஆஸும் விழுந்து, எனக்குக் கிடைத்தது நான்கு மல்லாட்டை. சீட்டைத் திறந்து காட்டினேன். கணக்கு வருத்தப்பட்டான். எனக்காக இல்லை, வீணாய்ப்போன கைக்காக.

“நீ கத்தனா ஒண்ணும் கெடையாது, வாய மூடுனா இருக்குது. உன்கிட்ட ஆடுறதுக்கு சீட்டே வாணாம்டா, மூஞ்ச பாத்தா போதும்.”

அதைச் சொன்னவன் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். எதை மறைக்க நினைத்தேனோ, அதை மறைக்கிற விதத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கிறேன். இவர்களுக்கு என்மேல் ஓர் எண்ணம் இருக்கிறது. அது கெட்ட எண்ணம்தான். ஆனால் அதை உண்டாக்க நான் மாதக்கணக்கில் அம்மாவின் மல்லாட்டையைச் செலவழித்திருக்கிறேன். இனி நல்ல சீட்டு வந்தால் நான் செய்ய வேண்டியது புதிதாக ஒன்றுமில்லை. வழக்கமாகச் செய்வதைச் செய்தால் போதும். அதே இரண்டு கை, அதே சத்தம், அதே அளவு. நம்பாமல் கட்ட அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

அதை அந்த வாரமே செய்து பார்த்தேன். கையில் ஜோடி ராஜா. எப்போதும்போல் அள்ளித் தள்ளினேன். “ஆரம்பிச்சிட்டான்டா” என்று பாய் கட்டினான். அவன் கட்டியதோடு நிற்காமல் மேலே ஏற்றவும் செய்தான், என்னை அடக்க வேண்டுமென்று அவனுக்கு ஒரு வெறி. கணக்குகூட, ஆயிரம் தடவை யோசித்து ஸ்கூட்டு விடுகிறவன், ஒரு சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு கடைசிவரை வந்தான். சீட்டைத் திறந்ததும் எல்லாம் என் பக்கம் வந்தது. என் முன்னால் குவிந்த மல்லாட்டையைப் பார்த்து விக்கிரவாண்டிதான் முதலில் வாயைத் திறந்தான்.

“உதாருக்கு இன்னிக்கு லக்குடா.”

லக்கு என்று அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் தொழில் போய்விடும். அதற்குப் பிறகு வெறும் கையை வைத்துக்கொண்டு ஏற்றுவதைப் பாதியாகக் குறைத்தேன். அடியோடு நிறுத்தவில்லை. மாதத்தில் இரண்டு தடவையாவது குப்பைச் சீட்டோடு பிடிபட்டு நன்றாகத் திட்டு வாங்கிக்கொள்வேன். பெயர் கெடாமல், அதாவது கெட்டபடியே இருக்க வேண்டும் அல்லவா.

வண்டி வந்தது அந்தச் சமயத்தில்தான். பாயின் மாமா மறுபடி துபாய் போகும்போது, வீட்டில் நின்று துருப்பிடிப்பதற்கு நீங்களே ஓட்டுங்கடா என்று பன்னிரண்டாயிரத்துக்குக் கொடுத்தார். ஆளுக்கு மூவாயிரம். என் பங்குக்கு அப்பா கரும்பு வெட்டப் போன இடத்தில் முன்பணம் வாங்கிக் கொடுத்தார். வண்டி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. படிப்புக்கு என்று நினைத்திருப்பார். பெயர் மாற்றுவதை அடுத்த லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மாமா விமானம் ஏறினார்.

கறுப்பு வண்டி, பழசு. சைலென்சர் ஓட்டையாகி நாலு முனை ரோட்டில் வரும்போதே அறைக்குச் சத்தம் கேட்கும். மழையில் கிளம்பாது. ஆனாலும் அதற்குப் பிறகு நாங்கள் போன இடமெல்லாம் அதில்தான். பயிற்சி வகுப்பு, தேர்வு மையம், பாய் வீட்டு நோன்புக் கஞ்சி, கணக்கு வீட்டுக் கரும்புக் கொல்லை. மூன்று பேர் ஏறினால் நான்காமவன் டவுன் பஸ்ஸில் வருவான். அடுத்த தடவை அவனுக்கு நடு சீட்டு.

தேர்வில் நான்கு பேரும் தேறவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தில் போனது. இரண்டாவது வருஷக் கடைசியில் அறையைக் காலி செய்துவிடலாம் என்று முடிவானது. கணக்கு ஊரில் டியூஷன் எடுத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கப் போகிறான். பாய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன் செல்போன் கடையில் இடம் இருந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் வண்டி அவசியமில்லை.

எனக்கு அவசியம். திண்டிவனத்தில் ஒரு குடோனில் கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை கிடைத்திருந்தது. காலை ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முதல் டவுன் பஸ் திண்டிவனம் வந்து சேரவே எட்டே முக்கால் ஆகும். வண்டி இல்லையென்றால் டவுனில் ரூம் எடுக்க வேண்டும், அதற்கு அட்வான்ஸ் வேண்டும், அதற்கு அப்பா மறுபடி கரும்பு வெட்டுக்கு முன்பணம் வாங்க வேண்டும். அந்த வேலையே முதல் மாதச் சம்பளத்தை அவர் கையில் கொடுக்கத்தான்.

விக்கிரவாண்டிக்கும் அவசியம். விழுப்புரத்தில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். சொந்த வண்டி இருந்தால் உடனே சேரலாம்.

இரண்டு பேருமே கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் நான் எடுத்துக்கோடா என்று சொல்லியிருப்பேன். நான் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். பிறகு கொடுத்தவனைப் பார்க்கும்போதெல்லாம் வாங்கியவனுக்குச் சங்கடம். ஒரு வாரமாக அறையில் எல்லோரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். கடைசியில் பாய்தான் உடைத்தான்.

“இன்னாடா ஆளாளுக்கு மாப்ள வீட்டுக்காரன் மாதிரி பேசாம இருக்கீங்க. சீட்ட போடு. ஜெயிச்சவன் வண்டிய எடுத்துக்கினு போ. பேஜாரு முடிஞ்சிது.”

கணக்குக்கும் அது பிடித்தது. “நாலு பேரும் காசு போட்டோம், நாலு பேரும் ஆடலாம். நாங்க ஜெயிச்சாலும் எடுத்துப்போம், தெரிஞ்சிக்கோ,” என்றான். அவர்கள் ஜெயிக்கப்போவதில்லை என்று நான்கு பேருக்கும் தெரியும்.

ஆளுக்கு ஐம்பது மல்லாட்டை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்தோம். மூட்டை கட்டிய புத்தகங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் கோரைப்பாய் விரித்திருந்தது. கரண்ட் போய் மின்விசிறி நின்றுவிட்டது. கீழே பஞ்சர் கடையில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் வேண்டுமென்றே அள்ளி அள்ளிக் கட்டி முதலில் வெளியே போனான். கணக்கால் வேண்டுமென்று தோற்க முடியாது, அவன் உடம்பு அப்படி. ஒழுங்காக ஆடித்தான் தோற்றான், அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு விக்கிரவாண்டியும் நானும்.

எங்கள் இருவர் முன்னாலும் ஏறக்குறைய ஒரே அளவுக் குவியல். விக்கிரவாண்டி தின்ன ஆரம்பித்திருந்தான். அவனுக்கு வலப்பக்கம் ஓடுகள் சேர்ந்துகொண்டே போயின.

பாய் சீட்டுப் போட்டான். நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஜோடி ஏழு. வழக்கம்போல் அள்ளி வைத்தேன். விக்கிரவாண்டி கட்டினான்.

நடுவில் மூன்று திறந்தது. ஏழு, ராணி, நாலு.

எனக்கு மூன்று ஏழு. முன்பு என்றால் அங்கேயே வாயை மூடியிருப்பேன். நான் அள்ளித் தள்ளினேன்.

“ஆரம்பிச்சிட்டான்டா,” என்றான் பாய், பழக்கத்தில்.

விக்கிரவாண்டி கட்டினான். நாலாவது சீட்டு இன்னொரு நாலு. மூன்று ஏழு, இரண்டு நாலு: சுவரில் ஒட்டிய சீட்டில் ஃபுல் ஹவுஸ் என்று மேலிருந்து நாலாவதாக எழுதியிருந்த கை. பார்க்காமலே எனக்கு அப்போது தெரியும். மறுபடி தள்ளினேன். அவன் ராணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் ஒரு ராணி இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கட்டினான். ஐந்தாவது சீட்டு வெறும் இரண்டு.

மிச்சம் இருந்த எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன்.

விக்கிரவாண்டி ஒரு காயை உடைத்து வாயில் போட்டான். என்னைப் பார்த்தான். இரண்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவன், காய்ச்சல் வந்தபோது என்னை வண்டியில் கட்டிப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். அவன் கண்ணில் இருந்தது பார்சல் கம்பெனி. என் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

“உதாரு,” என்றான் மெதுவாக.

“இல்லடா. இந்தத் தடவ இருக்குது. ஸ்கூட்டு வுட்டுடு.”

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பாய் சிரித்தான். கணக்கு சிரித்தான். விக்கிரவாண்டியும் சிரித்துவிட்டான். முகமெல்லாம் தெளிந்து, வண்டி கிடைத்துவிட்டவன் மாதிரி சிரித்தான்.

“இருந்தா, இருக்குதுன்னு எவனாவது சொல்லுவானாடா?”

தன் குவியல் முழுவதையும் முன்னால் தள்ளினான். ராணியும் பத்தும் திறந்து வைத்தான். ஜோடி ராணி, ஜோடி நாலு. வேறு யார் முன்னாலும் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் அவ்வளவையும் கட்டியிருக்க மாட்டான்.

நான் இரண்டு ஏழையும் திறந்தேன்.

கணக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இரண்டு குவியலையும் எண்ணினான். பிறகு விக்கிரவாண்டியின் வலப்பக்கம் கிடந்த ஓடுகளைச் சேர்த்து ஜோடி ஜோடியாக அடுக்கி எண்ணினான்.

“பதினொண்ணு துன்னுருக்க. இந்தக் கைக்கு உன்கிட்ட நூத்தி அஞ்சு இருக்கணும், தொண்ணூத்தி நாலுதான் இருந்துது. அவங்கிட்ட தொண்ணூத்தி அஞ்சு. துன்னாம இருந்தா பத்து மிச்சம்டா உனக்கு. இன்னும் ஆடலாம்.”

விக்கிரவாண்டி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

“நல்லா இருந்துதுடா மல்லாட்டை,” என்றான். “அம்மாகிட்ட சொல்லு.”

சாயங்காலம் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். திண்டிவனம் போகிற வழியில்தான் விக்கிரவாண்டியின் ஊர். அவனை நான் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. சாவியை நீட்டி, நீ ஓட்டு என்றேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டான். பாயும் கணக்கும் பஞ்சர் கடை வாசலில் நின்றார்கள். கிளம்பும்போது பாய் என்னிடம், “டேய், டோல்கேட்ல வண்டிய வித்துடப் போறான், பாத்துக்கோ,” என்றான்.

ஹைவேயில் இருபக்கமும் லாரிகள். ஓட்டைச் சைலென்சர் சத்தத்தில் பேச முடியாது. பேச வேண்டியிருக்கவில்லை என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். சுங்கச்சாவடியில் பைக்குகளுக்கான ஓரப் பாதையில் நுழையும்போது மட்டும், எப்போதும் செய்கிறபடி, அங்கே நின்றிருந்தவருக்கு ஒரு சல்யூட் வைத்தான். அவர்கள் கடைக்கு முன்னால் நிறுத்தி, சாவியை என் சட்டைப் பையில் போட்டான். அவன் அம்மா உள்ளேயிருந்து வந்தது.

“வாப்பா. ரூம காலி பண்ணிக்கினு வந்துட்டீங்களா? உக்காரு, புரோட்டா சூடா இருக்குது.”

“வேலைக்கு வண்டி ஏதோ வேணும்னியே, ஏற்பாடு ஆச்சா?” என்று இலை போட்டுக்கொண்டே அவனிடம் கேட்டது.

“ஆவும்மா,” என்றான். குருமாவை என் இலையில் அவனே ஊற்றினான்.

அவன் தவணைக்கு ஒரு பழைய மொபெட் வாங்கி அந்த வேலையில் சேர மூன்று வாரம் ஆனது. சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று வாரமும் நான் காலை ஏழு மணிக்குத் திண்டிவனம் ரயில்வே கேட்டில் வண்டியோடு நிற்கும்போதெல்லாம் அவன் நினைப்புத்தான். முதல் சம்பளத்தை அப்பாவிடம் கொடுத்த அன்று அவனுக்குத்தான் போன் செய்தேன். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டான். எதை என்றேன். மல்லாட்டை நல்லா இருந்துதுன்னு, என்றான்.

அடுத்த வருஷம் ரம்ஜானுக்குப் பாயின் மாமா லீவில் வந்தார். பெயர் மாற்றக் கையெழுத்துப் போடத் திண்டிவனத்துக்கே வந்துவிட்டார். பாயும் கூட வந்தான். விக்கிரவாண்டிக்கு அன்றைக்கு விடுப்பு, சும்மா வர்றேன் என்று அவனும் மொபெட்டில் வந்து சேர்ந்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் உள்ள கம்ப்யூட்டர் சென்டரில் வண்டி நம்பரைத் தட்டிய பெண் திரையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது.

“வண்டி மேல நாலு ஃபைன் இருக்குதுங்க. கட்டுனாதான் பேரு மாத்த முடியும்.”

“நாலா?” என்றார் மாமா. “நான் துபாய்லல்லம்மா இருந்தேன்.”

“உங்க நம்பருக்கு மெசேஜ் வந்துருக்கும்ங்களே.”

அது அவர் ஊரில் இருந்தபோது வைத்திருந்த நம்பர். எப்போதோ செத்துப்போனது. நாங்கள் விழுப்புரத்தில் ஓட்டிய வண்டி, அவர் பெயரில் குற்றம் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

“போட்டோ இருக்குது, பாக்குறீங்களா?” என்றது அந்தப் பெண்.

ஒவ்வொன்றாகத் திறந்தது. நாலு முனை ரோட்டின் சிக்னல் கேமராவில் எடுத்தவை. முதல் படத்தில் விக்கிரவாண்டி ஓட்ட, பாய் நடுவில், நான் கடைசியில் மஞ்சள் பையைத் தலைமேல் பிடித்தபடி. வழியில் மழை பிடித்திருக்க வேண்டும். மூன்று பேர் வாயும் திறந்திருக்கிறது, எதற்கோ சிரிக்கிறோம். இரண்டாவதில் கணக்கு, தனியாக. கோட்டைத் தொடாமல் சரியாக நிறுத்தியிருக்கிறான், ஹெல்மெட் மட்டும் தலையில் இல்லாமல் முழங்கையில் தொங்குகிறது. மூன்றாவதில் நான் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறேன், சட்டைப் பையில் தேர்வுக்கூடச் சீட்டு துருத்திக்கொண்டிருக்கிறது. நாலாவதில் நான் ஓட்டுகிறேன், பின்னால் விக்கிரவாண்டி, இரண்டு பேர் தலையும் வெறுந்தலை. அவன் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்க்குள் எதையோ போட்டுக்கொண்டிருக்கிறான்.

“பாரு, அப்பவே துன்னுக்கினு இருக்கான்,” என்றான் பாய்.

அந்த வண்டியோடு எங்களை யாரும் படம் எடுத்ததில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. நான்கையும் என் போனில் அனுப்பித் தரச் சொன்னேன். கணக்குக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் அவன் கூப்பிட்டான்.

“கோட்டத் தொடாமத்தானடா நின்னுருக்கேன், எதுக்கு ஃபைனு?”

“ஹெல்மெட்டு கையில இருக்குதுடா.”

“வெய்யிலு,” என்றான் வருத்தமாக.

பணத்தை நான் எடுத்தேன். வண்டி என்னுடையது, அதன்மேல் இருப்பதும் என்னுடையது. விக்கிரவாண்டி என் கையைத் தள்ளினான்.

“அன்னிக்கு ஆடுனது வண்டிக்கு. இதுக்கு ஆடலையே. போட்டோல நானும்தான இருக்கேன்.”

“நீ வண்டிய தோத்துட்டடா.”

“வண்டியத்தான தோத்தேன்.” திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு கேட்டான். “அன்னிக்கு எதுக்குடா சொன்ன, இருக்குதுன்னு?”

“நீ நம்பி ஸ்கூட்டு வுடுவேன்னு.”

“வுட்டுருந்தா?”

“இன்னும் ஆடிக்கினு இருந்திருப்போம்.”

அவன் யோசித்தான். “உன்ன எவன்டா நம்புவான்,” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டான்.

மூன்று பேர் ஏறியதற்கு ஆயிரம், ஹெல்மெட் இல்லாததற்கு இரண்டு தடவை ஆயிரம், சிவப்பு விளக்குக்கு ஐந்நூறு. யார் எந்தப் படத்தில் எத்தனை பங்கு என்று கணக்கு போனிலேயே பிரித்துச் சொல்ல ஆரம்பித்தான். முதல் படத்தை மூன்றாக வகுத்தால் பைசா மிச்சம் வருகிறது என்று அங்கேயே நின்றுவிட்டான். தான் தனியாக நின்ற படத்துக்கு முழு ஆயிரமும் தன் தலையில் வருவது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கூட்டி நாலாக வகுத்துவிடுங்கள் என்று அவனே சொல்லிவிட்டான். மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் சேர்த்து, ஆளுக்கு எண்ணூற்று எழுபத்தைந்து.